கேமரா மாற்றும் முன் கழித்த படங்களைப் பாருங்கள்

கேமராவை மாற்றலாமா என்ற யோசனை பெரும்பாலும் மார்கழி சீசனுக்கு முன்னால் வரும், இல்லாவிட்டால் தை மாத முகூர்த்தங்களுக்கு அட்வான்ஸ் கைக்கு வந்ததும் வரும். கடைக்குப் போனால் மெகாபிக்சல், நொடிக்கு எத்தனை பிரேம், 8கே என்று பேச்சு நீளும். அதில் எது உங்களுக்குத் தேவை என்று கடைக்காரரால் சொல்ல முடியாது. சரியில்லை என்று நீங்கள் கழித்து, ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும் படங்கள் சொல்லும். அவற்றைப் பார்த்த பிறகு பாடியை (லென்ஸ் இல்லாத கேமரா உடலை) மாற்றப் போனவர்கள் பலர் லென்ஸோடு திரும்பியிருக்கிறார்கள்.

கழித்ததைப் பிரிப்பது எப்படி

கடைசியாகச் செய்த நான்கைந்து வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முகூர்த்தம், ஒரு ரிசப்ஷன், ஒரு சபா நிகழ்ச்சி, ஒரு வெளிப்புற ஷூட் என்று வெவ்வேறாக இருக்கட்டும். படங்களைப் பார்த்துப் பிரிக்க உதவும் லைட்ரூம் மென்பொருளிலோ, காசு இல்லாமல் கிடைக்கும் டிஜிகாமிலோ திறந்து, கழித்த ஒவ்வொரு படத்தையும் 100 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். கழித்த காரணத்துக்கு ஒரு நிறம் என்று குறித்துக்கொண்டே போங்கள். கண் மூடிய படம், குறுக்கே யாரோ வந்த படம் இவையெல்லாம் கேமரா சம்பந்தப்பட்டதல்ல, தனியே ஒதுக்குங்கள்.

மீதியில் முக்கால்வாசி "தெளிவில்லை" என்ற ஒரே பெட்டிக்குள் வந்து விழும். அங்கேதான் பொறுமை வேண்டும், ஏனென்றால் தெளிவில்லாமல் போவதற்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு. படம் முழுக்க ஒரே திசையில் இழுபட்டு, பின்னாலிருக்கும் சீரியல் பல்புகள்கூடச் சின்னச் சின்னக் கோடுகளாகத் தெரிந்தால் கை ஆடியிருக்கிறது. தூணும் திரையும் பளிச்சென்று இருக்க, ஆடுபவரின் கை மட்டும் கரைந்திருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். முகம் மங்கி, மாலையோ காதுக்குப் பின்னாலிருக்கும் பூவோ கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்), அபெர்ச்சர் (லென்ஸின் துவாரம், எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது), எத்தனை எம்எம் லென்ஸ் என்ற விவரங்களையும் பக்கத்தில் பாருங்கள். நூறு படம் பார்த்து முடிப்பதற்குள் எந்த நிறம் அதிகம் என்பது தெரிந்துவிடும்.

ஆள் அசைந்த படங்கள் அதிகம் என்றால்

சபாவில் பரதநாட்டியம் எடுப்பவர்களின் தலைவலி இது. அடவு நடக்கும்போது கையையும் பாதத்தையும் நிறுத்திப் பிடிக்க 1/500 நொடியாவது வேண்டும். ஃபிளாஷ் போட விடமாட்டார்கள். கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸின் ஜூம் முனையில் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 6400 வைத்தால் பல மேடைகளில் 1/60தான் கிடைக்கும்.

இங்கே பாடியில் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் (ஆட்டத்தைச் சமன்செய்யும் வசதி) உதவாது. ஐந்து ஸ்டாப், எட்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) என்று பெட்டியில் போட்டிருப்பது உங்கள் கை ஆட்டத்துக்கு மட்டும்தான், எதிரே ஆடுபவரின் அசைவை அது நிறுத்தாது. ஃபுல் ஃப்ரேமுக்கு, அதாவது பெரிய சென்சாருக்கு மாறினால்? ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5×15.6 மில்லிமீட்டர், ஃபுல் ஃப்ரேம் 36×24. பரப்பளவில் இரண்டே கால் மடங்குக்குச் சற்று அதிகம். அதாவது நாய்ஸில் (படத்தில் விழும் புள்ளிப் புள்ளியான கறையில்) கிடைக்கும் லாபம் ஒரு ஸ்டாப்பும் கொஞ்சமும். அதே நேரத்தில் எஃப் 5.6 லிருந்து எஃப் 1.8க்குப் போனால் வெளிச்சம் ஏறக்குறைய பத்து மடங்கு கூடும், 1/60 இருந்த இடத்தில் 1/500 தாராளமாகக் கிடைக்கும். பழைய பாடியில் ஒரு 85 எம்எம் எஃப் 1.8 மாட்டினால் தீர்ந்துவிடும் விஷயத்துக்கு அதைப் போல் பல மடங்கு விலையில் ஃபுல் ஃப்ரேம் பாடி வாங்கி, மறுபடியும் கிட் லென்ஸையே மாட்டுவது வீண் செலவு.

எஃப் 1.8க்கு ஒரு விலை உண்டு. ஃபுல் ஃப்ரேமில் 85 எம்எம், எஃப் 1.8, இரண்டு மீட்டர் தூரம் என்றால் கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர்தான். மணமகன் அரை அடி பின்னால் சாய்ந்து நின்றால் அவர் முகம் போய்விடும். இருவர் சேர்ந்த படத்துக்கு எஃப் 2.8, எஃப் 4 என்று மூடிக்கொள்ளுங்கள்.

கை ஆட்டம்தான் பிரச்சினை என்றால் பாடி ஸ்டெபிலைசேஷன் உண்மையிலேயே காசுக்குத் தகுந்த பொருள். கோயில் பிரகாரம், தூண், சிற்பம் என்று அசையாத பொருள்களை ஸ்டாண்டு வைக்க அனுமதியில்லாத இடத்தில் எடுப்பவர்கள் அதை முதலில் கேட்கலாம்.

ஃபோகஸ் தவறிய படங்கள் அதிகம் என்றால்

டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) வைத்திருப்பவர்கள் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ஸ்டாண்டில் கேமராவை வைத்து, செய்தித்தாளைச் சாய்வாகக் கிடத்தி, நடு வரியில் ஃபோகஸ் செய்து, லென்ஸை முழுக்கத் திறந்து பத்து படம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் கூர்மை ஒரே பக்கம், முன்னாலோ பின்னாலோ விழுந்தால் அது லென்ஸுக்கும் பாடிக்கும் உள்ள பொருத்தக் கோளாறு. நடுத்தர, உயர்தர டிஎஸ்எல்ஆர் பலவற்றில் ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்) நுண்திருத்தம் மெனுவிலேயே இருக்கிறது. அதைச் சரிசெய்தாலே போதும், செலவு இல்லை. சில படம் முன்னால், சில படம் பின்னால் என்று தாறுமாறாக விழுந்தால் திருத்தம் உதவாது.

அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸில் சென்சாரிலேயே ஃபோகஸ் பார்ப்பதால் இந்தத் திருத்த வேலையே கிடையாது, புள்ளிகளும் ஃப்ரேமின் ஓரம் வரை பரவியிருக்கும். கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதிக்காக மட்டுமே மாறியவர்கள் ஏராளம், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மண்டபத்தில் அது தடுமாறும் இடங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹோமப் புகையில் கான்ட்ராஸ்ட் குறைந்து லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். தாலி கட்டும் நேரத்தில் குனிந்த முகத்தை விட்டுவிட்டு, கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாத்தனார் முகத்துக்குத் தாவும். அந்த இரண்டு நிமிடத்துக்கு முழு ஃப்ரேம் தேடலை நிறுத்தி, சின்ன ஏரியாவுக்கு மாற்றும் வேலையை ஒரு பட்டனில் வைத்துக்கொள்ள முடிகிறதா என்று பாருங்கள். அந்த ஒரு பட்டன் வேலையைக் காப்பாற்றும்.

"மைனஸ் 6 ஈவி வரை ஃபோகஸ் ஆகும்" (ஈவி என்பது வெளிச்ச அளவு, மைனஸ் கூடக்கூட இருட்டு) என்ற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அடிக்குறிப்பைப் படித்தால் எஃப் 1.2 போன்ற லென்ஸ் மாட்டி அளந்தது என்று இருக்கும். எஃப் 5.6 லென்ஸில் அதற்கு நான்கு ஸ்டாப்புக்கு மேல் குறையும்.

படத்தில் கோடு விழுந்தால்

கச்சேரியில் சத்தம் வரக்கூடாது என்று சைலன்ட் மோடு, அதாவது மின்னணு ஷட்டர் போடுகிறோம், படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் வருகின்றன. காரணம் எளிது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பழைய சோக் வைத்த டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். சாதாரண சென்சார் மின்னணு ஷட்டரில் மேலிருந்து கீழாக ஒரு படத்தைப் படித்து முடிக்க 1/15 முதல் 1/30 நொடி வரை எடுக்கும். 1/20 என்று வைத்துக்கொண்டால், படிக்கும் நேரத்துக்குள் விளக்கு ஐந்து முறை மங்குகிறது, ஐந்து பட்டை விழுகிறது. சுழன்று ஆடும்போது கை வளைந்து தெரிவதும் இதே காரணத்தால்தான்.

ஷட்டரை 1/100 அல்லது 1/50 வைத்தால் முழுச் சுற்றுகள் அடங்கிவிடும், பட்டை மறையும். உட்கார்ந்து பாடுபவருக்கு இது போதும். நடனத்துக்குப் போதாது. அதற்குப் படத்தை மிக வேகமாகப் படித்து முடிக்கும் ஸ்டாக்ட் சென்சார் வேண்டும். 2021இல் வந்த நிகான் இசட்9 இப்படிப்பட்டது, மெக்கானிக்கல் ஷட்டரே இல்லாமல் வந்தது. சோனி ஏ9 III குளோபல் ஷட்டரோடு வந்தது, மொத்தப் படத்தையும் ஒரே கணத்தில் எடுத்துவிடும். இரண்டும் விலை அதிகம். வருடத்தில் இரண்டு மூன்று சபா நிகழ்ச்சி மட்டும் எடுப்பவர் இதை வாடகைக்கு எடுப்பதே சரி.

ரிசப்ஷன் மேடையின் எல்இடி திரை வேறு ரகம். அது இன்னும் வேகமாகச் சிமிட்டும், 1/100 கணக்கு அங்கே எடுபடாது. ஷட்டரை 1/200.5, 1/201 என்று நுணுக்கமாக நகர்த்தும் வசதி புதிய பாடிகள் சிலவற்றில் இருக்கிறது. மண்டப வேலைதான் பிழைப்பு என்றால் மெகாபிக்சலுக்கு முன்னால் இதைக் கேளுங்கள். இன்னொன்று, பெரும்பாலான பாடிகளில் மின்னணு ஷட்டரில் ஃபிளாஷ் எரியாது.

சிவப்புப் பட்டு

அரக்குச் சிவப்புக் காஞ்சிப் பட்டும் மஞ்சள் வெளிச்சமும் சேரும் இடத்தில் நல்ல கேமராவும் தோற்கும். மஞ்சள் விளக்கில் சிவப்பு ஒளி அதிகம். வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடமோ பெரும்பாலும் பச்சையை வைத்துக் கணக்கிடுகிறது. வெளிச்சம் சரியாக இருப்பதுபோல் காட்டும், ஆனால் சிவப்புச் சேனல் மட்டும் வலது ஓரத்தில் முட்டி வெட்டுப்பட்டிருக்கும். படத்தைத் திறந்து பார்த்தால் கொசுவ மடிப்பு எதுவும் தெரியாமல் இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரே சிவப்புத் திட்டு. ஜரிகைக்கும் இதே கதிதான்.

மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை எப்போதும் திறந்து வைத்து, வெளிச்சத்தை மூன்றில் ஒன்று முதல் மூன்றில் இரண்டு ஸ்டாப் வரை குறைத்து, ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலப் படத்தில்) எடுங்கள். கேமராவின் பிக்சர் ஸ்டைலை நியூட்ரலில் வைத்தால் ஹிஸ்டோகிராம் உண்மைக்கு இன்னும் நெருங்கி வரும், ஏனென்றால் அது ஜேபெக்கை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. புதுப் பாடி பார்க்கும்போது, இந்த மூன்று நிற ஹிஸ்டோகிராம் படம் எடுப்பதற்கு முன்பே வியூஃபைண்டரில் தெரிகிறதா என்று பாருங்கள். சிலவற்றில் எடுத்த பிறகுதான் தெரியும்.

எத்தனை மெகாபிக்சல் போதும்

ஆல்பத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். 12×36 ஆல்பத்தில் ஒரு பக்கம் 12×18 அங்குலம். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சுக்கு 3600×5400 பிக்சல், அதாவது 19.4 மெகாபிக்சல். 24 மெகாபிக்சல் கேமராவின் 6000×4000 இதற்குத் தாராளம். ஒரே படத்தை இரண்டு பக்கமும் விரித்துப் போடும்போதுதான் இடிக்கும். 6000 பிக்சலை 36 அங்குலத்தில் பரப்பினால் 166 டிபிஐ, 45 மெகாபிக்சலில் சுமார் 229. கையில் பிடித்துப் பார்க்கும் ஆல்பத்தில் 166 கொஞ்சம் மென்மையாகத் தெரியலாம். ஆனால் அப்படிப்பட்ட விரிப்பு ஒரு ஆல்பத்தில் நான்கோ ஐந்தோதான். அந்த நான்கு படத்துக்காக மூவாயிரம் படத்தின் ஃபைல் அளவையும் இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டுமா என்பதே கேள்வி.

வேடந்தாங்கலிலும் பள்ளிக்கரணையிலும் பறவை எடுப்பவர்களுக்குக் கணக்கு நேர் எதிர். அங்கே பறவை எப்போதும் தூரத்தில்தான், வெட்டி எடுக்காமல் முடியாது. பாடிக்கு முன்னால் 500 அல்லது 600 எம்எம் லென்ஸ், அதன் பின் கூடுதல் மெகாபிக்சல் அல்லது நல்ல ஏபிஎஸ்-சி பாடி.

கார்டு, பஃபர், பேட்டரி

இரண்டு கார்டு ஸ்லாட் இல்லாத பாடியைக் கல்யாணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். தாலி கட்டுவதை மறுபடி கட்டச் சொல்ல முடியாது. 2018இல் நிகான் இசட்6, கேனான் ஈஓஎஸ் ஆர் இரண்டும் ஒரே ஸ்லாட்டோடு வந்தபோது கல்யாண போட்டோகிராஃபர்கள் பலமாகக் குறைசொன்னார்கள். 2020இல் இசட்6 II, ஆர்6 இரண்டிலும் இரண்டு ஸ்லாட் வந்தது. இரண்டு ஸ்லாட் இருந்தாலும் வேகம் ஒன்றா என்று பாருங்கள். சோனி ஏ7 III இல் ஒன்று யுஎச்எஸ்-II என்ற வேகத் தரம், மற்றது அதைவிட மெதுவான யுஎச்எஸ்-I. இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதினால் மெதுவான ஸ்லாட்டின் வேகம்தான் கிடைக்கும்.

நொடிக்கு 10 பிரேம், ஒரு ரா ஃபைல் 28 எம்பி என்றால் நொடிக்கு 280 எம்பி எழுத வேண்டும். யுஎச்எஸ்-I கார்டு 95 எம்பிக்குள்தான் எழுதும். பஃபர் (கார்டுக்குப் போகும் முன் படங்கள் தங்கும் நினைவகம்) நிறைந்ததும் வேகம் மூன்று பிரேமுக்கு விழும். அட்சதை தூவும் நேரத்தில் கேமரா திணறுவது இதனால்தான். புதுப் பாடிக்கு முன் வேகமான கார்டு போட்டுப் பாருங்கள், ஸ்லாட் தாங்கும் என்றால்.

மிரர்லெஸ்ஸுக்கு வந்தால் பேட்டரிச் செலவு கூடும். நிகான் டி750க்கு அறிவித்த எண் ஒரு சார்ஜுக்கு 1230 படம், சோனி ஏ7 III க்குத் திரையில் பார்த்து எடுத்தால் 710. அதிகாலை முகூர்த்தத்தில் ஆரம்பித்து இரவு ரிசப்ஷன் வரை ஓட மூன்று பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆனால் சாப்பாட்டு இடைவேளையில் பவர் பேங்கே போதும்.

வீடியோவும் வெயிலும்

ரீல்ஸுக்கு 8கே தேவையில்லை. 3840×2160 இல் எடுத்த படுக்கைவாட்டுப் படத்தை நெட்டுவாக்கில் வெட்டினால் 1215×2160 கிடைக்கும், ரீல்ஸ் கேட்பது 1080×1920. முக்கியமாகப் பார்க்க வேண்டியது, 4கே 60 பிரேமில் படம் வெட்டுப்படுகிறதா என்பதை. சோனி ஏ7 IV இல் 1.5 மடங்கு வெட்டுப்படும், 24 எம்எம் லென்ஸ் 36 போல ஆகிவிடும். சின்ன மண்டபத்தில் பின்னால் போக இடமிருக்காது.

கேமராக்களின் கையேட்டில் இயங்கும் வெப்பநிலை பொதுவாக 0 முதல் 40 டிகிரி வரை என்று இருக்கும். கத்தரி வெயிலில் சென்னை அதைத் தாண்டும், கறுப்புப் பாடி அதற்கும் மேல் சூடாகும். திரையைப் பாடியிலிருந்து விலக்கித் திருப்பி வையுங்கள், இடைவேளையில் வெள்ளைத் துணி போர்த்துங்கள். நீண்ட நேரம் விடாமல் ஓட வேண்டிய வீடியோ வேலையே அதிகம் என்றால் உள்ளே விசிறி வைத்த பாடியைப் பாருங்கள்.

பழைய லென்ஸ் என்ன ஆகும்

கேனான், நிகான் இரண்டும் 2020க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் பாடி வெளியிடவில்லை, ஆகவே அடுத்த மாற்றம் மவுன்ட்டையும் (லென்ஸ் மாட்டும் வாயையும்) சேர்த்துத்தான் இருக்கும். கேனான் ஈஎஃப் லென்ஸ்கள் அடாப்டரில் ஆட்டோஃபோகஸோடு நன்றாக வேலை செய்கின்றன. நிகானில் ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் எஃப்டிஇசட் அடாப்டரில் ஓடும். ஆனால் பாடியின் மோட்டாரை நம்பியிருக்கும் பழைய 'டி' லென்ஸ்கள், அதாவது 50 எம்எம் எஃப் 1.8டி, 85 எம்எம் எஃப் 1.8டி, 80–200 எஃப் 2.8டி போன்றவற்றில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். பையில் இவை அதிகம் இருந்தால் மாறும் செலவு பாடியோடு நிற்காது. பழைய லைட்ரூம் 6 புதிய ரா ஃபைல்களைத் திறக்காது. அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டர் வழியாக மாற்றிக்கொள்ளலாம், ஆனால் நேரம் பிடிக்கும்.

வாங்கும் இடத்தில்

தொழிலுக்கு வாங்கினால் ஜிஎஸ்டி எண் போட்ட பில் வாங்குங்கள். வரி 18 சதவீதம், பதிவு செய்தவர்கள் அதை வரவில் எடுத்துக்கொள்ளலாம். பில் இல்லாமல் விலை குறைத்துத் தரும் வெளிநாட்டுச் சரக்குக்கு இந்தியாவில் கம்பெனி வாரண்டி கிடைப்பது கடினம்.

செகண்ட் ஹேண்ட் பாடியில் ஷட்டர் எண்ணிக்கை பாருங்கள். நிகானில் படத்தின் விவரத்திலேயே இருக்கும், கேனானில் பல மாடல்களுக்குக் கேபிள் போட்டு மென்பொருளில் பார்க்க வேண்டும். டி750 ஒரு லட்சத்து ஐம்பதாயிரம், டி850 இரண்டு லட்சம் தடவைக்குச் சோதிக்கப்பட்டவை. லென்ஸை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து மொபைல் டார்ச் அடித்துச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் இழை ஓடினால் ஃபங்கஸ். கண்ணாடிப் பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது. கடற்கரை ஊரில் எல்லா லென்ஸுக்கும் இந்த ஆபத்து உண்டு. டிரை கேபினட்டில் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள், மிகவும் குறைத்தால் ரப்பரும் எண்ணெய்ப் பசையும் காயும்.

முடிவெடுக்கும் முன் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். வடபழனி, சாலிகிராமம் பக்கம் விசாரித்தால் கிடைக்கும். கழித்த படங்களில் எந்த நிறம் அதிகமோ, அதே சூழ்நிலையில் சோதியுங்கள். மண்டபத்துக்காரர் என்றால் எல்இடி திரை முன்னால் சைலன்ட் மோடில், சபாக்காரர் என்றால் மங்கலான வெளிச்சத்தில் உங்கள் சொந்த லென்ஸை மாட்டி. கடை வாசலில் தெருவை எடுத்துப் பார்ப்பதில் எதுவும் தெரியாது.

வாங்கியதும் முதல் வேலையை முகூர்த்தமாக வைக்காதீர்கள். பெயர் சூட்டு விழா, வளைகாப்பு போன்ற சின்ன நிகழ்ச்சியில் கை பழகட்டும், பழைய பாடி பையில் இருக்கட்டும். ஃபர்ம்வேரை (கேமராவுக்குள் ஓடும் மென்பொருளை) புதுப்பித்து, இரண்டாவது ஸ்லாட்டை பேக்கப்பில் வைத்து, கார்டுகளைப் புதுப் பாடியிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். இரண்டு பாடியின் கடிகாரத்தையும் நொடி பிசகாமல் ஒன்றாக்குங்கள். ஒன்று மூன்று நிமிடம் முந்தியிருந்தால் இரண்டு பாடியின் படங்களும் வரிசை மாறி நிற்கும், ஆயிரக்கணக்கான படத்தை உட்கார்ந்து கையால் அடுக்க வேண்டியிருக்கும்.